அணில் குரங்கின் கைரேகை

"என் பொண்டாட்டியைக் கண்டுபுடிக்கத்தான் உங்களைக் கூப்ட்டேன். அவ கோட்டை மோந்து பாக்கறதுக்கு இல்ல."

ஜெயப்பிரகாஷ் உறுமியதைத் துர்கா கண்டுகொள்ளவில்லை. டீப்பாயில் விரித்திருந்த வெள்ளைக் கோட்டின் தோள்பட்டைமேல் குனிந்து இன்னொரு முறை மூச்சை இழுத்தாள்.

வெளியே திருத்தணி முழுக்க ஆடிக் கிருத்திகை. காவடிகள் மலையேறிக்கொண்டிருந்தன. பம்பைச் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தத்தையும் மீறிப் பேசக்கூடிய தொண்டை ஜெயப்பிரகாஷுக்கு இருந்தது. ஊரில் ஓடும் வாடகைக் கார்களில் பாதி அவனுடைய டிராவல்ஸைச் சேர்ந்தவை. மீதிப் பாதி அவனுக்குப் பயந்து ஓடுபவை.

அவன் மனைவி உதயா கால்நடை மருத்துவர். அரக்கோணம் சாலையில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தாள். முந்தாநாள் கிளினிக்குக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. மணவூர் ரயில் நிலையத்து வண்டி ஸ்டாண்டில் அவளுடைய ஸ்கூட்டர் மட்டும் கிடைத்தது. அதன் பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தது இந்தக் கோட்டு.

"எவன்கூடவோ ரயிலேறிட்டா. ஊரே பேசிகினு கீது. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல உங்களுக்கு இங்க வேலை கெடையாது."

"இவருகூட இருந்துட்டு ரயிலேறலன்னாதான் ஆச்சரியம்" என்று முணுமுணுத்தான் வேடியப்பன். அவன் துர்காவின் உதவியாளன். அவளிடம் வருவதற்கு முன் ஷேர் ஆட்டோ ஓட்டியவன். வண்டிக்கு இருந்த பிரேக் அவன் வாய்க்கு மட்டும் இன்னும் வரவில்லை.

"இன்னா சொன்னே?"

"ரயிலு கூட்டமா இருக்கும்னேன் சார்."

துர்கா நிமிர்ந்தாள். "வேடி, இங்க வா. இது என்னன்னு பார்."

கோட்டின் இடது தோளில் மஞ்சள் பூத்த சின்னச் சின்னக் கறைகள் ஏறி, முதுகுப் பக்கம் இறங்கியிருந்தன. ஒவ்வொரு கறையிலும் விரல்கள்.

"கை மேடம். ஆனா இந்தக் கைக்கு மோதிரம் செய்யணும்னா ஆசாரி பூதக்கண்ணாடி வாங்கணும்."

"மலைக் குரங்கா இருக்கும்" என்றான் ஜெயப்பிரகாஷ். "மாட்டு டாக்டர்தானே. தெனம் ஏதாவது மேல ஏறி எறங்கும்."

"மலைக் குரங்குக்குக் கை இதைவிடப் பெருசு. அதோட, மூத்திரத்துல கையைக் கழுவிட்டு ஏறாது. இது அணில் குரங்கு."

"அணிலா, குரங்கா? ஒண்ணு சொல்லுங்க மேடம்" என்றான் வேடியப்பன்.

"குரங்குதான். தென் அமெரிக்கக் காட்டுல இருக்கிறது. நம்ம ஊரு அணிலு ரெண்டைச் சேர்த்து வெச்சா அதோட உடம்பு. வால் உடம்பைவிட நீளம். கண்ணைச் சுத்தி வெள்ளை, வாயும் மூக்கும் கறுப்பு, கை காலெல்லாம் மஞ்சள். தன்னோட மூத்திரத்தையே உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் தேய்ச்சுக்கும். அப்புறம் போற எடமெல்லாம் இப்படி முத்திரை குத்திட்டே போகும்."

"பத்திர ஆபீஸ்ல சேத்து வுடலாம்."

ஜெயப்பிரகாஷ் மேஜையைத் தட்டினான். "அந்த மாதிரி ஒரு ஜந்துவை நான் கண்ணால பார்த்ததில்ல. எவன் வீட்டுலயோ வளர்த்திருப்பான், இவ வைத்தியம் பார்க்கப் போயிருப்பா. அந்த வீடு எது? அதைச் சொல்லுங்க."

துர்கா நக நுனியால் ஒரு கறையைச் சுரண்டினாள். நகத்தில் ஒட்டி வந்ததை வெளிச்சத்தில் பிடித்தாள். பூனை முடி மாதிரிப் பஞ்சு. அரக்கு நிறத்தில் கொஞ்சம், கிளிப்பச்சையில் கொஞ்சம்.

"இது கோட்டுல எங்கயும் இல்ல. கறைக்குள்ள மட்டும்தான் இருக்கு. ஈரக் கையோட நூல் பஞ்சு கெடக்கிற தரையில நடந்துட்டு, அப்புறம் தோள்ல ஏறியிருக்கு."

"அப்ப அம்மா ரயிலேறல" என்றான் வேடியப்பன். "ரயில்ல யாரும் தறி ஓட்டறதில்ல."

தறி என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயப்பிரகாஷின் தாடை இறுகியது. உடனே தளர்ந்தது. "இந்தப் பக்கம் தறி ஓடற ஊரு அம்மையார்குப்பம்தான். அங்க தேடுங்க" என்றான். பிறகு, அவர்களுடைய ஆட்டோவைக் காவடிக் கூட்டத்துக்காக ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்ததும், கார் சாவியை எடுத்து டீப்பாயில் எறிந்தான்.

"டிராவல்ஸ் வண்டியெல்லாம் சவாரியில கீது. இது என் சொந்த வண்டி. எங்க டிரைவருங்களையே தொடவுடறதில்ல. உதயாவுக்கு ஓட்டவே தெரியாது. ஒரு கீறல் வுழுந்துச்சு, ரெண்டு பேரும் நடந்துதான் ஊரு போய்ச் சேருவீங்க. எடத்தைப் பார்த்ததும் போன் பண்ணணும். உள்ள நுழையற வேலையெல்லாம் வேணாம்."

கார் ஆர்.கே.பேட்டைச் சாலையில் திரும்பும்வரை வேடியப்பன் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினான்.

"மேடம், சொந்த வண்டியை இந்தாளு பினாயில்லயே ஊற வெச்சிருக்கான். பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்கூட இவ்ளோ சுத்தமா கெடையாது."

"கண்ணாடியை எறக்கு."

"அந்த அணில் குரங்கு வால்ல தொங்குமா மேடம்?"

"தொங்காது. வால் சும்மா பேலன்ஸுக்குத்தான். ஒக்காந்தா தோள்மேல போட்டுக்கும், துண்டு மாதிரி. எப்பவும் கூட்டமாத்தான் இருக்கும். நாள் முழுக்க கீச்சுகீச்சுன்னு ஒண்ணையொண்ணு கூப்ட்டுகிட்டே இருக்கும். வாயை மூடவே மூடாது."

"எனக்குச் சொந்தக்காரனா இருக்கும்."

"அதனாலதான் அதை ஒளிச்சு வைக்கறது கஷ்டம். மறைச்சு வெச்சிருக்கிறவங்களுக்கு அதைவிடப் பெரிய சத்தம் ஒண்ணு வேணும்."

அம்மையார்குப்பத்தில் சத்தமே இல்லை.

மற்ற நாட்களில் தெருவுக்குள் நுழைந்தால் பக்கத்தில் நடப்பவர் பேசுவது காதில் விழாத ஊர் அது. இன்று நெசவாளர்களில் பாதிப்பேர் மலைக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் விரதமிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைக் கார் தெருவில் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் காரின் நம்பரைப் பார்த்தார், காறித் தரையில் துப்பினார், உள்ளே போய்விட்டார்.

வேடியப்பன் டீக்கடை முன்னால் நிறுத்தினான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு டீ."

"டீ இல்ல" என்றாள் கடைக்காரி.

"பால் பொங்குதே?"

"அது பொங்கும். உங்களுக்கு இல்ல. அந்த வண்டியில வந்தவங்களுக்கு இந்தத் தெருவுல தண்ணிகூடக் கெடையாது. கெளம்புங்க."

வேடியப்பன் திரும்பி வந்து கதவைச் சாத்தினான். "மேடம், நம்ம க்ளையண்டுக்கு இந்த ஊர்ல ரசிகர் மன்றம் இருக்கும்போல."

துர்கா அவனைக் கை காட்டி நிறுத்தினாள். தெருவின் கடைசியிலிருந்து வந்தது அந்தச் சத்தம். டடக், டடக், டடக். ஒரே ஒரு விசைத்தறி.

"கிருத்திகை அன்னைக்கு ஊரே தறியை நிறுத்தியிருக்கு. அது மட்டும் யாருக்காக ஓடுது?"

ஓடு வேய்ந்த தறிக்கொட்டாய். கதவு சாத்தியிருந்தது. பக்கவாட்டு ஜன்னல் கம்பிக்கு உட்புறம் சாக்கு கட்டியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. துர்கா அதில் கண்ணை வைத்தாள். அரக்குப் பாவு, பச்சைக் கரை. குறுக்கிழை போடும் நாடா இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் பறந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் ஊடை நூலே இல்லை. அதன் பின்னால் புடவை ஒரு இழைகூட வளரவில்லை.

"யாரு அது?"

ஐம்பது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி கதவைத் திறந்து வெளியே வந்து, திரும்ப இழுத்துச் சாத்தினாள். கையில் இரும்புக் கம்பி. அவள் பெயர் மணியம்மை என்பது பிறகுதான் துர்காவுக்குத் தெரிந்தது. அப்போதைக்குத் தெரிந்தது, அந்தக் கம்பியை எடுத்து வீசத் தெரிந்த கை அது என்பது மட்டும்தான்.

"டாக்டர் உதயாவைத் தேடி வந்திருக்கோம்."

"டாக்டரும் இல்ல, கம்பவுண்டரும் இல்ல. வேலை நடந்துகினு இருக்கு. போங்க."

"என்ன வேலைம்மா? தறி ஓடுது, துணி வளரலியே."

மணியம்மையின் கண் சுருங்கியது. "என் தறி, என் கரண்டு. உனக்கு இன்னா வந்துச்சு?"

துர்கா வேடியப்பனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே சுவரோரம் மீட்டர் பெட்டியை அடைந்திருந்தான். மணியம்மை கத்திக்கொண்டு பாய்ந்தாள். கம்பி அவன் தோளில் இறங்கிய அதே நொடியில் பீஸ் கட்டை அவன் கையோடு வந்தது.

தறி நின்றது.

அந்த நிசப்தத்தில், ஓட்டுக்கு அடியிலிருந்து, கூடை நிறையக் கோழிக்குஞ்சு வைத்தது போல ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பியது. ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் சொல்ல, பிறகு எல்லாம் சேர்ந்து.

"அம்மா, என் தோள் போச்சு" என்றான் வேடியப்பன் தரையில் உட்கார்ந்தபடி. "ஆனா உங்க கரண்டு பில்லு மிச்சம்."

மணியம்மை கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். மூச்சு வாங்கியது. "உள்ள போகணும்னா என்னைக் கொன்னுட்டுப் போ."

துர்காவின் போன் அடித்தது. ஜெயப்பிரகாஷ்.

"இன்னா ஆச்சு?"

"எடம் தெரிஞ்சுடுச்சு. உள்ள குரங்குங்க இருக்கு."

"எல்லாம் உசுரோட கீதா?"

"இன்னும் பார்க்கல."

"ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. நான் வர்ற வரைக்கும் அங்கியே நில்லு." போன் துண்டிக்கப்பட்டது.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வேடியப்பன் தோளைத் தடவுவதை நிறுத்தினான். "மேடம், அவரு சம்சாரம் காணாமப் போச்சுன்னுதானே நம்மளக் கூப்ட்டாரு? அது இருக்குதா இல்லியான்னு ஒரு வார்த்தை கேக்கல."

"இன்னொண்ணும் கேக்கல வேடி" என்றாள் துர்கா. அவள் குரல் இறங்கியிருந்தது. "எந்த எடம்னே கேக்கல."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி வெள்ளைக் காரைப் பார்த்தார்கள்.

"டிராவல்ஸ்காரன் வண்டி. எங்க போகுது, எங்க நிக்குதுன்னு அவன் போன்ல தெரியும்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். கதவு திறந்தது. கசங்கிய சுடிதாரில், கையில் பால் ஊட்டும் சிரிஞ்சோடு உதயா நின்றாள். இரண்டு நாள் தூங்காத கண். கழுத்தின் பக்கவாட்டில் கன்றிப்போன ஒரு தடம்.

"அவன் வெச்ச ஆளுங்களா நீங்க?"

"நான் துர்கா. துப்பறிவாளர். நீங்க காணோம்னு..."

"காணாமப் போகல. தப்பிச்சு வந்தேன். நீங்க கண்டுபுடிச்சுட்டீங்க. சந்தோஷமா?"

துர்காவுக்கு முகத்தில் அறை வாங்கியது போல இருந்தது. எதையும் சமாளிக்க முயலாமல் கேட்டாள். "என்ன நடந்துச்சு?"

"அந்த வண்டி டிக்கியிலதான் இதுங்க வந்துச்சு. டிராலி பையில, துணிக்கு நடுவுல கட்டி வெச்சு. பாதி செத்துக் கெடந்துச்சு. மீதியைப் பொழைக்க வெய், விக்கணும்னான். கிளினிக் பின்னாடி ரூம்ல வெச்சுப் பார்த்தேன். அங்கியே ஒண்ணு குட்டியும் போட்டுச்சு. இதோட நிறுத்துன்னு சொன்னேன். எல்லாம் உன் கிளினிக் பேர்லதான் வருது, மாட்டினா நீதான் மாட்டுவேன்னான். வாயைத் தொறந்தா இதுதான்னு, மாட்டைச் சாகடிக்கிற மருந்து ஊசியை எடுத்துக் கழுத்துல வெச்சு அழுத்தினான்." அவள் கழுத்துத் தடத்தைத் தொடவில்லை. "எல்லாத்தையும் கூடையில தூக்கிகினு இங்க வந்தேன். ஸ்கூட்டரை மணவூர்ல விட்டுட்டு பஸ்ல திரும்பினேன். கிருத்திகைக் கூட்டம் கலைஞ்சதும் நானே போய் வனத்துறையில ஒப்படைக்கலாம்னு இருந்தேன்."

"இங்க ஏன் வந்தீங்க?"

"இவன் தேடாத ஒரே வீடு இதுதான்" என்றாள் மணியம்மை. "கூடப் பொறந்தவன். எங்க நைனா தறியை வித்து மொதக் காரு வாங்கினான். பெத்தவரு சாவுக்கும் வரல. இந்தத் தெருவுல கால் வெச்சா ஒடிப்பேன்னேன். அன்னையிலேர்ந்து வந்ததில்ல. இப்ப நீ வழி காட்டிட்டே."

துர்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். பாவு உருளையின் மேல் ஐந்தாறு அணில் குரங்குகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் வாலைத் தோள்மேல் போட்டிருந்தது. வெள்ளை முகமூடி போட்டது போன்ற சின்னஞ்சிறு முகங்கள் அவளையே பார்த்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி, சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தது. அதன் வால் நுனி அறுந்திருந்தது.

"டாக்டர், குட்டி எங்க?"

உதயா காட்டினாள். துர்கா பார்த்தாள். பார்த்துவிட்டு அவள் கையை அழுத்தினாள்.

"உங்க வீட்டுக்காரர் தனியா வரமாட்டார். யார்கிட்டயும் குட்டி எங்கன்னு சொல்லாதீங்க. நான் என்ன பேசினாலும் மறுத்துப் பேசாதீங்க."

"உங்களை நான் எதுக்கு நம்பணும்?"

"நம்ப வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

ஜீப் வந்து நின்றது. துர்கா நினைத்தது சரி. அவன் தனியாக வரவில்லை. வன ரேஞ்சர் தணிகைமணியையும் ஒரு வனக் காவலரையும் கையோடு கூட்டி வந்திருந்தான்.

"பாருங்க சார்!" ஜெயப்பிரகாஷ் ஜீப்பிலிருந்து குதித்தான். குரலில் அழுகை கலந்திருந்தது. "என் பொண்டாட்டிதான். என் முதுகுக்குப் பின்னாடி வெளிநாட்டு மிருகம் கடத்தியிருக்கா. இப்படி ஒரு ஜந்துவை நான் வாழ்க்கையில கண்ணால பார்த்ததில்ல சார். நானே துப்பறியற ஆளு வெச்சுக் கண்டுபுடிச்சு, நானே உங்களைக் கூப்ட்டேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அதற்காகத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறான் என்பது துர்காவுக்கு அப்போது முழுதாகப் புரிந்தது. அவனுக்கு உதயா திரும்பி வர வேண்டியதில்லை. குரங்கும் அவளும் ஒரே இடத்தில் பிடிபட வேண்டும். அவ்வளவுதான்.

ரேஞ்சர் யாரையும் நம்பும் முகத்தோடு வரவில்லை. "நீங்கதான் துப்பறிவாளரா? துறைக்குச் சொல்லாம பீஸ் கட்டையைப் பிடுங்கிட்டு நிக்கிறீங்க. உங்க பேரையும் சேர்த்துதான் எழுதப்போறேன்."

"எழுதுங்க சார். அதுக்கு முன்னாடி இதுங்களை எண்ணிடுங்க. ஒரு தாயும் குட்டியும் இருக்கணும். குட்டியைக் காணோம். செத்துப்போச்சோ என்னவோ."

உதயாவின் உதடு அசைந்தது. ஆனால் அவள் பேசவில்லை.

ரேஞ்சர் தறிக்கு அருகில் போய்க் குனிந்தார். காவலர் ஒவ்வொரு குரங்கின் வயிற்றையும் எட்டிப் பார்த்தார். வேடியப்பன் நாடாப் பெட்டிக்குள் தேடினான், நூல் கூடையைக் கவிழ்த்தான்.

"வயித்துல ஒண்ணையும் காணோம் சார்" என்றார் காவலர். "எல்லாம் ஒரே மாதிரி கீது. தாய் எதுன்னே தெரியல."

"அப்ப செத்துத்தான் போச்சு" என்றாள் துர்கா. "டாக்டரம்மா கவனிக்கத் தெரியாம விட்டுட்டாங்க."

"செத்துப்போச்சா?" வாசலில் நின்ற ஜெயப்பிரகாஷுக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. "எப்படிச் சாகும்? கண்ணு தெரியலியா உங்களுக்கு? அதோ, வாலு அறுந்தது கீதே, அதுதான் தாய். முதுகுல பாரு. ஒட்டிகினு கெடக்கும்."

எல்லோரும் வால் அறுந்த குரங்கைப் பார்த்தார்கள். அது சுவரில் முதுகைச் சாய்த்து, முகத்தை இவர்கள் பக்கம் வைத்து உட்கார்ந்திருந்தது. அதன் முதுகு யாருக்கும் தெரியவில்லை.

காவலர் இன்னும் ஓரடி நெருங்கினார். குரங்கு மிரண்டு, திரும்பி, தறிச் சட்டத்தின் மேல் தாவியது. அப்போதுதான் தெரிந்தது. தோளுக்குக் குறுக்கே, தாயின் முடியோடு முடியாக, ஒரு கட்டைவிரல் தடிமனுக்குக் குட்டி படுத்திருந்தது.

துர்கா ரேஞ்சர் பக்கம் திரும்பினாள்.

"சார், திருத்தணியில பொறந்தவங்க நாம எல்லாரும் மலைக் குரங்கைப் பார்த்து வளர்ந்தவங்க. அது குட்டியை வயித்துல கட்டிகிட்டுத்தான் ஓடும். அதான் நீங்க வயித்தைப் பார்த்தீங்க. உங்க காவலரும் வயித்தைப் பார்த்தார். இந்த இனம் குட்டியை முதுகுலதான் சுமக்கும். இந்த மாதிரி ஒண்ணைக் கண்ணாலயே பார்க்காத மனுஷனுக்கு, முதுகு தெரியாம இருக்கும்போதே அது எப்படித் தெரிஞ்சுது? அஞ்சாறுல தாய் எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்த வாலை அறுத்ததே இவன்தான்" என்றாள் உதயா. "பையோட ஜிப்பை இழுத்து மூடும்போது மாட்டிச்சு."

"பொய்! டிவியில பார்த்திருப்பேன். யார் வேணா சொல்லலாம்!" ஜெயப்பிரகாஷின் முகம் சிவந்தது. "சார், இவளுங்க எல்லாம் கூட்டுக் களவாணிங்க. இந்தத் துப்பறியறவ இன்னைக்குக் காலையில என் சோத்தைத் தின்னுட்டு..."

"காபிகூடக் குடுக்கல சார்" என்றான் வேடியப்பன். "அது வேணா எழுதிக்கங்க."

துர்கா அவனிடம் கையை நீட்டினாள். "கார் சாவி."

வாசலில் அவள் காரின் டிக்கியைத் திறந்தாள். பினாயில் நாற்றம் குப்பென்று அடித்தது. கீழே விரிப்பு பளிச்சென்று இருந்தது. புதுசாகவே வாங்கிப் போட்டிருந்தான்.

"நல்லாத்தான் கழுவியிருக்கார்" என்றாள். "ஆனா கழுவினவரு கீழ மட்டும்தான் பார்த்தாரு சார். இதுங்க பையிலேர்ந்து கழண்டு வந்தா கீழ ஒக்காராது. மேல ஏறும்."

ரேஞ்சர் குனிந்து, தலையைத் திருப்பி, திறந்து நின்ற டிக்கி மூடியின் உட்புறத்தைப் பார்த்தார். துணி ஒட்டிய அந்தச் சாம்பல் நிறப் பரப்பில், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை, மஞ்சள் மஞ்சளாகச் சின்னஞ்சிறு கைகள்.

"டாக்டரம்மா கோட்டுல இருக்கிறதும் இதே கைதான். அவங்களுக்குக் கார் ஓட்டவே தெரியாது. இவரு டிரைவருங்களையும் இதைத் தொடவிடறதில்ல. காலையில இவரே எங்ககிட்ட சொன்னாரு."

ஜெயப்பிரகாஷ் ஓடவில்லை. ஓட இடமில்லை. தெருவில் அதுவரை வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். டீக்கடைக்காரி கரண்டியோடு வந்திருந்தாள். அவன் அவர்களைப் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான்.

"கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டியே. நாளைக்கு உனக்குக் கொள்ளி போட எவன் வருவான்?"

"எங்க நைனாவுக்கு எவன் வந்தானோ அவனே வருவான்" என்றாள் மணியம்மை. "நீ ஏறு ஜீப்புல."

காவலர் அவன் கையைப் பிடித்தார். ரேஞ்சர் அவனுடைய போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். துர்காவைப் பார்த்த பார்வை இன்னும் முழுசாக இளகவில்லை. "உங்க பேரை எழுதறது எழுதறதுதான். ஆனா சாட்சி பக்கத்துல எழுதறேன்."

உதயா தாயையும் குட்டியையும் மூங்கில் கூடையில் வைத்துத் துணியால் மூடி, மற்ற குரங்குகளை ரேஞ்சர் கொண்டுவந்த கூண்டில் அடைத்து, ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினாள். துர்கா உதவிக்குக் கை நீட்டினாள். உதயா கூடையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் முன்னாடி யோசிச்சிருந்தா இங்க வந்தே இருக்கமாட்டீங்க."

"ஆமா" என்றாள் துர்கா.

ரேஞ்சரின் கையிலிருந்த ஜெயப்பிரகாஷின் போன் அடித்தது. திரையில் பெயர் இல்லை. 'நகரி' என்று ஊர் மட்டும் பதிந்திருந்தது. காவலரின் பிடியில் நின்ற ஜெயப்பிரகாஷின் முகம் வெளுத்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் மணியம்மை முந்தானையைச் சுருட்டி அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.

துர்கா ரேஞ்சரைப் பார்த்தாள். அவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு போனை அவளிடம் நீட்டினார். அவள் அதை வேடியப்பனிடம் கொடுத்தாள்.

"இவர் மாதிரி எரிஞ்சு விழணும். முடியுமா?"

"உங்ககிட்ட வேலை பார்த்துப் பழகினவன் மேடம்." தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பீக்கரை அழுத்தினான். "இன்னாடா?"

"அண்ணா, நகரி தாண்டிட்டேன். திருத்தணிக்குள்ள காவடிக் கூட்டம், வண்டியை வுடமாட்டேன்றாங்க. பையை எங்க எறக்கறது?"

துர்கா தரையைச் சுட்டிக் காட்டினாள்.

"அம்மையார்குப்பம் வா. கடைசித் தெரு, தறிக்கொட்டாய். நேரா வா, எவன்கிட்டயும் பேச்சு வெச்சுக்காதே."

"சரிண்ணா."

"இரு, வெச்சுடாதே!" உதயா ஜீப் அருகிலிருந்து கூடையோடு ஓடி வந்தாள். வேடியப்பனின் காதருகில் குனிந்து கிசுகிசுத்தாள். அவன் கேட்டுக்கொண்டே தலையாட்டினான். பிறகு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"டேய்! பையை இறுக்கி மூடியா வெச்சிருக்கே? அறிவுகெட்டவனே, மொதல்ல தெற அதை! காத்து போகட்டும். வெயில் படாம வெய். ஒண்ணாவது செத்து வந்துச்சு, உன்னை இந்தத் தறியிலயே பாவு ஓட்டிடுவேன்!"

"கோச்சுக்காதண்ணா. தோ, தெறக்கறேண்ணா."

போனில் வண்டி ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. ஜிப் மெதுவாக இழுபட்டது. சற்று நேரம் ஒன்றுமில்லை. உதயா போனருகே காதைக் கொண்டுபோனாள்.

பிறகு, போனுக்குள்ளிருந்து, பலவீனமாக ஒரு கீச்சுச் சத்தம் வந்தது.

உதயாவின் கையிலிருந்த கூடைக்குள்ளிருந்து தாய்க் குரங்கு அதற்குப் பதில் சொன்னது.